மொட்டைமாடியில் காத்திருந்த பேட்மேன்: செலினா செய்தது துரோகமா?

பூனைக்கண் எழுதியது:

ரொம்ப நாளா தள்ளிப்போட்டுட்டே வந்த டாம் கிங் எழுதின பேட்மேன் காமிக்ஸ் தொடரை ஒருவழியா ஐம்பதாவது இதழ் வரைக்கும் படிச்சு முடிச்சேன். கதை தெரியாதவங்க இதுக்கு மேல படிக்காதீங்க, எல்லாத்தையும் போட்டு உடைக்கப் போறேன்.

2017ல, 24ஆவது இதழ்ல, ஒரு மாடியில மண்டி போட்டு "என்னைக் கட்டிக்கிறியா"ன்னு ப்ரூஸ், அதான் பேட்மேன், கேட்வுமன்ங்கற முகமூடித் திருடி செலினாகிட்ட கேக்கறார். அவ உடனே பதில் சொல்லல. ப்ரூஸ் தன்னோட பழைய கதை ஒண்ணை அவகிட்ட சொல்லியாகணும்னு நினைக்கிறார். ரிட்லர்ங்கற வில்லனை ஒரு தடவை கொல்லவே போயிட்டேன், கத்தி இறங்கிடாம தடுத்தது இன்னொரு வில்லன் ஜோக்கர்தான்னு ஒத்துக்கறார். எல்லாத்தையும் கேட்டுட்டு 32ஆவது இதழ்ல செலினா "சரி"ங்கறா. 2018 ஜூலையில 50ஆவது இதழ். விடியற நேரம், மாடி, சாட்சிக்கு வீட்டுப் பணியாளர் ஆல்ஃபிரட். மாப்பிள்ளை வந்தாச்சு. பொண்ணு வரல.

இணையத்துல போய்ப் பார்த்தா அவளைத் திட்டாத ஆளே இல்ல. ஏமாத்துக்காரி, கடைசி வரைக்கும் திருட்டு புத்தி போகல, இப்படியெல்லாம். எனக்கு அப்படித் தோணல. அவ எழுதி வச்சுட்டுப் போன கடிதத்தைப் படிச்சீங்கன்னா, அவனை வேண்டாம்னு அவ சொல்லவே இல்ல. சந்தோஷமா ஆயிட்டா இவன் பேட்மேனா இருக்க மாட்டான், இவன் இல்லைன்னா இந்த ஊர்ல எத்தனை பேர் சாவாங்கன்னு பயப்படறா. அந்த பயத்தை அவ தலையில ஏத்திவிட்டது யாருங்கறது கடைசிப் பக்கத்துலதான் தெரியுது.

உங்க கருத்து என்ன?

இரவுக்காவலன் எழுதியது:

துரோகம்தான் அக்கா. இதுல பட்டிமன்றம் வைக்க என்ன இருக்கு?

நேர்ல வந்து சொல்லலாமே? தன் வாழ்க்கையிலேயே மோசமான ரகசியத்தை அவன் அவகிட்ட சொன்னான். அவ பதிலுக்குக் கடிதாசி வச்சுட்டு ஓடுறா. ஹாலிங்கற தோழி என்னமோ காதுல ஓதினாளாம், இவ நம்பிட்டாளாம். காத்தம் ஊர்லயே நம்பர் ஒன் திருடி, பூட்டைத் தொட்டுப் பார்த்தே திறக்கிறவ, ஒருத்தி பொய் சொல்றதைக் கண்டுபிடிக்க முடியலையா?

2012 படத்துலயும் இதேதான். பேட்மேனைச் சுரங்கத்துக்குள்ள கூட்டிட்டுப் போய் பேன்ங்கற வில்லன் கையில ஒப்படைச்சது யாரு? முதுகெலும்பு உடையுற வரைக்கும் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு பார்த்துட்டு இருந்தது யாரு? பின்னாடி வருத்தப்பட்டாளாம், பைக்ல திரும்பி வந்தாளாம். அப்பக் கூட, அவன் முதுகு போனது போனதுதானே.

சுருட்டைமுடி எழுதியது:

கம்பிக்கு அந்தப் பக்கம் நிக்கும்போது அவ முகத்தைப் பார்த்தீங்களா பாஸ்? ஆன் ஹாத்வே அந்த ஒரு ஷாட்டுல மட்டும் நடிப்பே இல்லாம நிப்பாங்க. தன் உயிருக்குப் பயந்து செஞ்சவளோட முகம் அது. நியாயப்படுத்தல, சும்மா சொல்றேன்.

பழையபேப்பர் எழுதியது:

துரோகத்தை யார் ஆரம்பித்தது என்று பார்க்க வேண்டுமானால் 2018இல் நின்றால் போதாது. 1940க்குப் போக வேண்டும்.

பேட்மேன் என்ற பெயரில் தனி இதழ் வந்தது அந்த ஆண்டு. முதல் இதழிலேயே இந்தப் பெண் வருகிறாள். பெயர் "தி கேட்", அவ்வளவுதான். காது வைத்த முகமூடி கிடையாது, கறுப்பு உடை கிடையாது, சாட்டை கிடையாது. ஒரு சொகுசுப் படகில் விலையுயர்ந்த கழுத்தணியைத் திருடக் கிழவி வேடம் போட்டு வருகிறாள். தள்ளாத கிழவி திடீரென்று ஓட்டம் பிடித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? பேட்மேன் பிடித்து, விக்கைக் கழற்றி, முகப்பூச்சைத் துடைத்தால் உள்ளே ஓர் இளம்பெண்.

இனிதான் கதையே. கரைக்குத் திரும்பும் வழியில் அவள் தண்ணீரில் குதிக்கிறாள். பேட்மேனின் உதவியாளன் ராபின் பின்னாலேயே பாயப் போகிறான். அந்த நேரம் பார்த்து பேட்மேன் "தெரியாமல்" அவன் மேல் மோதுகிறார். அவள் தப்பித்துவிடுகிறாள். ராபின் சின்னப் பையன்தான், ஆனால் மடையன் இல்லை. வேண்டுமென்றே மோதினீர்கள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறான். இவரோ அவள் கண்ணழகை நினைத்துக்கொண்டு நிற்கிறார்.

அதாவது பேட்மேன் முதன்முதலில் வந்தது 1939 மே. ஓராண்டுக்குள், தன் சட்டத்தைத் தானே மீறி ஒரு குற்றவாளியைத் தப்பவிட்டார். அதுவும் உதவியாளனை ஏமாற்றி. செலினா அன்றைக்கு யாரையும் ஏமாற்றவில்லை. திருட வந்தாள், மாட்டினாள், சந்தர்ப்பம் கிடைத்தது, குதித்தாள். இவர்தான் வேலையில் நேர்மை தவறினார்.

இரவுக்காவலன் எழுதியது:

ஐயா, 1940 கதைக்கும் இப்போதைய கதைக்கும் முடிச்சுப் போடறீங்களே. அப்ப பேட்மேன் துப்பாக்கியே வச்சிருந்தார். அதையும் கணக்குல எடுத்துக்கலாமா?

பழையபேப்பர் எழுதியது:

துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டார் தம்பி. இவளை மட்டும் 80 ஆண்டு கழிந்தும் போடவில்லை. அதனால்தான் கணக்கில் வருகிறது.

மாடிப்படி எழுதியது:

நான் இந்த ஜோடியைக் கண்டுபிடிச்சதே 1992ல வந்த டிம் பர்ட்டன் படத்துலதான். வீடியோ கேசட் வாடகைக் கடையில சூப்பர் ஹீரோ படம்னு எடுத்துட்டு வந்து, பாதியில எங்கம்மா "இது என்ன பேய்ப்படமா"ன்னு கேட்டாங்க. (அம்மா கேட்டதுல தப்பே இல்ல.)

அதுல விருந்துக் காட்சி ஒண்ணு. மாறுவேட விருந்து. வந்திருக்கிற பெரிய மனுஷங்க அத்தனை பேரும் முகமூடியில. வெறும் முகத்தோட வந்தது ரெண்டே பேர், ப்ரூஸும் செலினாவும். ராத்திரியில முகமூடி போடற ரெண்டு பேருக்கும் அன்னைக்குத்தான் முகமூடி இல்ல. ஆடிக்கிட்டே பேசறாங்க. தலைக்கு மேல தொங்குற மிசில்டோவை (அதுக்குக் கீழ நிக்கறவங்க முத்தம் கொடுத்துக்கணும்னு வழக்கம்) பார்த்து அவ ஒரு வரி சொல்றா, அவன் பதில் வரி சொல்றான். அந்த ரெண்டு வரியும் அவங்க ஏற்கனவே ஒரு மாடியில பேட்மேனாவும் கேட்வுமனாவும் சண்டை போட்டப்ப பேசினது. இந்தத் தடவை ஆள் மாத்திப் பேசிட்டாங்க. சொன்ன வாய் மூடல, ரெண்டு பேருக்கும் விளங்கிடுது. அவ கேக்கற முதல் கேள்வி, இப்ப நாம சண்டைய ஆரம்பிக்கணுமாங்கறதுதான். மிஷெல் ஃபைஃபர் அதைச் சிரிப்பும் அழுகையுமா கேட்பாங்க பாருங்க. எத்தனை வாட்டி பார்த்தாலும் எனக்கு அந்த இடத்துல தொண்டை அடைக்கும்.

விஷயத்துக்கு வரேன். படத்தோட முடிவுல ப்ரூஸ் தன் முகமூடியைக் கையாலேயே கிழிச்சுப் போட்டுட்டு, வா வீட்டுக்குப் போகலாம், நாம ரெண்டு பேரும் ஒரே ஜாதின்னு கெஞ்சறார். அவ என்ன சொல்றா? உன் கோட்டையில உன்கூட வாழ எனக்கும் ஆசைதான், ஆனா அப்படி வாழ்ந்தா என் மூஞ்சிய நானே பார்க்க முடியாது. சொல்லிட்டு அவன் கன்னத்துல நகத்தால ஒரு கீறல்.

2018 கல்யாணம் நின்னதுக்குக் காரணம் பேனோட சதின்னு சொல்றோம். 1992ல எந்தச் சதியும் இல்ல. அவளே யோசிச்சு அவளே சொன்ன "முடியாது" அது. அதான் எனக்கு அந்தப் படம் ஒரு படி மேல.

இரவுக்காவலன் எழுதியது:

சொல்லிட்டு நேரா போய் மேக்ஸ் ஷ்ரெக்கைக் கொன்னதை விட்டுட்டீங்க. ப்ரூஸ் கெஞ்சினது, கொலை பண்ணாதே, போலீஸ்ல ஒப்படைக்கலாம்னுதானே?

மாடிப்படி எழுதியது:

அந்த ஷ்ரெக் யாரு? தன்கிட்ட செக்ரட்டரியா இருந்தவ ஒரு ஃபைலைப் படிச்சுட்டாங்கறதுக்காக மாடி ஜன்னல்ல இருந்து அவளைத் தள்ளிவிட்டவன். நகரத்துலயே பெரிய பணக்காரன். அவனை எந்த போலீஸ் பிடிக்கும்?

அப்புறம் அதே படத்துல பேட்மேன் ஒரு சர்க்கஸ் ரவுடி இடுப்புல வெடிகுண்டைச் சொருகி, சிரிச்சுட்டே குழிக்குள்ள தள்ளிவிடுவார். ஞாபகம் இருக்கா? அந்த ஆளு எங்க போயிருப்பான்னு நினைக்கிறீங்க? அவரு பண்ணா அது ஆக்‌ஷன் காட்சி. அவ பண்ணா கொலை.

சுருட்டைமுடி எழுதியது:

ஹா ஹா. செம.

மட்டுறுத்துனர் எழுதியது:

நண்பர்களே, எந்த நடிகை சிறந்த கேட்வுமன் என்று மூன்று பின்னூட்டங்கள் வந்தன. அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே நகர்த்திவிட்டேன். 2004இல் வந்த ஹாலி பெர்ரி படத்தைப் பற்றி இங்கே பேச வேண்டாம். அதில் பேட்மேனே கிடையாது.

யாழ்_ஆந்தை எழுதியது:

வணக்கம். நான் இவ்வளவு நாளும் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான். இண்டைக்கு எழுதாமல் இருக்க ஏலாது.

நீங்கள் எல்லாரும் ரெண்டு பேரும் கலியாணம் கட்டாத கதையளையே கதைக்கிறீங்கள். கட்டின கதை ஒண்டும் இருக்குது. பழைய பேட்மேன் வாழுற உலகத்தை "எர்த்-டூ" எண்டு இந்தக் காமிக்ஸ் போடுற டிசி கம்பெனி தனியாய்ப் பிரிச்சு வச்சிருந்தது. அங்க ப்ரூஸும் செலினாவும் 1955இல கட்டினவை. மகள் ஹெலினா.

இதை விளங்க வேணுமெண்டால் முதல்ல 1950க்குப் போகவேணும். அந்த வருசம் 62ஆவது இதழில ஒரு கதை. செலினாவுக்குத் தலையில அடிபட்டு, தான் முந்தி விமானப் பணிப்பெண்ணாய் இருந்தது நினைவுக்கு வருகுது. விமான விபத்தில நினைவு தவறினதாலதான் களவெடுத்தவவாம். அவ்வளவுதான், அடுத்த நாளே நல்ல பிள்ளை. செய்த பிழை ஒண்டுக்கும் அவ பொறுப்பில்லை. எனக்கு உந்தக் கதையைக் கண்ணிலயும் காட்டேலாது.

பிறகு 1983இல ஆலன் ப்ரென்னர்ட் எழுதின ஒரு கதை, "பிரேவ் அண்ட் தி போல்ட்" 197ஆவது இதழ். ஜோ ஸ்டேட்டன் படம். அதில செலினாவே ப்ரூஸுக்குச் சொல்லுறா, அந்த நினைவு தவறின கதை பச்சைப் பொய் எண்டு. உண்மை என்னெண்டால் அவவைக் கட்டினவன் ஒரு பணக்காரன், கை நீட்டுறவன். விட்டிட்டு வெளிக்கிட்ட நேரம் அவவின்ர நகையளை அவன் பெட்டகத்தில பூட்டி வச்சிட்டான். அவ போய் உடைச்சு எடுத்தவ. அவவின்ர முதல் களவு அவவின்ர சொந்த நகை. எடுத்த நேரம் அதில ஒரு ருசி இருந்தது எண்டும் ஒளிக்காமல் சொல்லுறா. இதுதான் கதை எழுதுற விதம். அடிச்ச புருசனையும் சொல்லுது, களவில வந்த ருசியையும் சொல்லுது, ரெண்டில எதையும் மறைக்கேல்லை.

ப்ரூஸின்ர பக்கம் என்னெண்டால், ஸ்கேர்குரோ எண்ட வில்லன் அடிச்ச பயமருந்தில அவருக்கு வாற பயம், தன்ர ஆக்கள் எல்லாரும் தன்னை விட்டுப் போயிடுவினம் எண்டது. ராபின் இல்லை, ஆல்ஃபிரட் இல்லை, ஒருத்தரும் இல்லை. அப்பதான் உதவிக்கு இவவைத் தேடிப் போறார்.

பூனைக்கண் எழுதியது:

யாழ் ஆந்தை, வாங்க வாங்க. இதைத் தனி இழையாவே போடலாம் நீங்க.

ஒரே ஒரு விஷயம் சேர்க்கறேன். இந்தக் காதல் கதை வந்தது 1983. ஆனா அந்த செலினா சாகற கதை 1977லயே வந்தாச்சு. பழைய அடியாள் ஒருத்தன் மிரட்டி, ஒரே ஒரு திருட்டுக்கு மறுபடி அந்த உடையைப் போட வைக்கிறான். பேட்மேன் வந்து நிக்கறார். அடியாள் துப்பாக்கி வெடிச்சு இவ சாகறா, புருஷன் மடியிலயே. மகள் ஹெலினா ஹன்ட்ரஸ்ங்கற பேர்ல முகமூடி போட்டதே அதுக்குப் பழி வாங்கத்தான்.

அதனால 1983ல படிச்சவங்களுக்கு முடிவு முன்னாடியே தெரியும். இவ எப்படிச் சாகப் போறான்னு தெரிஞ்சுக்கிட்டே இவ எப்படிக் காதலிச்சான்னு படிச்சிருக்காங்க. கல்யாணம் ஆன அந்த செலினாவையும் பழைய தொழிலை வச்சுத்தான் கொன்னாங்க, அதுவும் கல்யாணக் கதைய முழுசா எழுதறதுக்கு முன்னாடியே.

இரவுக்காவலன் எழுதியது:

சரி, அது சோகம்தான். ஒத்துக்கறேன். ஆனா மிரட்டல் வந்தப்ப புருஷன்கிட்ட சொன்னாளா? உலகத்துலயே பெரிய துப்பறிவாளன் பக்கத்து அறையில தூங்கறான். அவனுக்குத் தெரியாம கிளம்பிப் போனா. அங்கயும் நம்பிக்கை இல்ல.

யாழ்_ஆந்தை எழுதியது:

உங்கட ஆள் இருபது வருசம் பழைய வழக்குகளை மனசில வச்சுக்கொண்டு திரியிறவர். அவரிட்டப் போய் "நான் முந்தி ஒரு பொலிஸ்காரனைச் சுட்டதாய்ப் படம் காட்டி மிரட்டுறாங்கள்" எண்டு சொல்லுறது லேசோ?

சுருட்டைமுடி எழுதியது:

நம்பிக்கைன்னு பேச்சு வந்ததால ஜஸ்டிஸ் லீக்ங்கற ஹீரோக்கள் கூட்டத்துல இருக்கற மந்திரக்காரி ஸடானா விஷயத்தை எடுக்கறேன். இதைப் பத்தி யாரும் பேசறதே இல்ல, எனக்கு எரிச்சலா இருக்கும்.

2001 கடைசியில எட் ப்ரூபேக்கர், டார்வின் குக் கூட்டணியில புது கேட்வுமன் தொடர் வந்துச்சு. ஊதா உடை போச்சு, விமானி போடற மாதிரி கண்ணாடி, கறுப்புத் தோல் உடை. செலினா காத்தம்ல ஈஸ்ட் எண்ட்ங்கற ஏழை ஏரியாவுல போய் உக்காந்துக்கறா. அங்க தெருவுல தொழில் பண்ற பொண்ணுங்க கொல்லப்பட்டா போலீஸ் எட்டிக்கூடப் பார்க்காது. அவங்களுக்கு இவதான் காவல். திருட்டும் நிக்கல, அந்தப் பணத்தை அதே ஏரியாவுல செலவு பண்ணுவா. எனக்குத் தெரிஞ்சு அவ முழுசா மனுஷியா இருந்தது அந்த இதழ்கள்லதான். பேட்மேன் அதுல எப்பவாவது மாடிக்கு வந்து எட்டிப் பார்த்துட்டுப் போற விருந்தாளி, அவ்வளவுதான்.

அப்புறம் அதே தொடரோட 50ஆவது இதழ்ல (ஆமா, இங்கயும் 50தான்) ஸடானா வந்து சொல்றா: நாங்க உன் மூளைய மந்திரத்தால கொஞ்சம் திருத்திட்டோம், உன்னை நல்லவளாக்க. அதாவது அவ திருந்தினதா நினைச்சது அவளோட முடிவுதானான்னே அவளுக்கு இனிமே தெரியாது. ஈஸ்ட் எண்ட், அந்தப் பொண்ணுங்க, ஒருவேளை பேட்மேன் மேல இருக்கற ஆசை கூட. செலினா என்ன பண்ணா தெரியுமா? ஸடானா வாயில டேப்பை ஒட்டி ஜன்னல் வழியா தள்ளிவிட்டா. கை தட்டணும்னு தோணுச்சு எனக்கு.

ஜஸ்டிஸ் லீக் ஆளுங்க அத்தனை பேரும் முகமூடி போட்ட நல்லவங்க. அவங்களுக்கு ஒரு திருடியோட மண்டைக்குள்ள கை விடறது தப்பாத் தெரியல. இப்பச் சொல்லுங்க இரவுக்காவலன், நம்பிக்கைத் துரோகம் எந்தப் பக்கம்?

இரவுக்காவலன் எழுதியது:

அது ஸடானா பண்ணது, பேட்மேன் பண்ணது இல்ல. பேட்மேன் மூளையிலயும்தான் ஸடானா கை வச்சா. ரெண்டு பேரும் ஒரே படகுலதான் இருக்காங்க.

சுருட்டைமுடி எழுதியது:

அவன் மூளையில கை வச்சது, அவன் பார்த்த ஒரு சம்பவத்தை அழிக்க. இவளுக்குப் பண்ணது குணத்தையே மாத்தற வேலை. ரெண்டும் ஒண்ணா?

பழையபேப்பர் எழுதியது:

நல்லவளாக்கும் வேலை மந்திரக்காரியில் ஆரம்பிக்கவில்லை. 1954இல் அமெரிக்காவில் காமிக்ஸ் தணிக்கை விதிகள் வந்தன. குற்றவாளி மேல் வாசகனுக்கு அனுதாபம் வரும்படி குற்றத்தைக் காட்டக் கூடாது என்பது அதில் ஒரு விதி. அனுதாபத்தை எடுத்துவிட்டால் செலினாவிடம் மிச்சம் என்ன இருக்கிறது? அந்த ஆண்டு காணாமல் போனவள் 1966 வரை எந்தக் கதையிலும் இல்லை. திரும்பி வந்ததும் பேட்மேன் இதழில் இல்லை, சூப்பர்மேனின் காதலி லோயிஸ் லேன் பெயரில் வந்த இதழில்.

அதே 1966இல் தொலைக்காட்சித் தொடர். ஜூலி நியூமர் கேட்வுமனாக வந்தபோது பேட்மேனோடு கொஞ்சல் உண்டு, கண் ஜாடை உண்டு. மூன்றாவது பருவத்தில் எர்தா கிட் வந்தார். கறுப்பினப் பெண். குரலிலேயே பூனை இருக்கும், அப்படிப்பட்ட நடிகை. ஆனால் காதல் பேச்சு சுத்தமாக நின்றுவிட்டது. அது 1967. கலப்பினத் திருமணத்தைக் குற்றமாக்கிய மாநிலச் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது அந்த ஆண்டு ஜூனில்தான். தீர்ப்பு வந்தாலும் தொலைக்காட்சிக்காரர்களுக்குத் துணிச்சல் வரவில்லை. 2022 படத்தில் ஸோயி க்ராவிட்ஸ் பேட்மேனை முத்தமிட்டபோது எனக்கு எர்தா கிட் நினைவுதான்.

கூரை_மேல்_காகம் எழுதியது:

கார்ட்டூனை ஏன் யாரும் சொல்லல? 1992ல வந்த அனிமேட்டட் தொடர். ப்ரூஸுக்கு செலினா மேல ஆசை. செலினாவுக்கு பேட்மேன் மேல ஆசை, ப்ரூஸ் சும்மா டைம்பாஸ். ரெண்டே ஆளை வச்சு முக்கோணக் காதல். கடைசியில விலங்கு மாட்டறதும் பேட்மேன்தான். அஞ்சாம் கிளாஸ்ல பார்த்தது, இன்னும் ஆறல.

பூனைக்கண் எழுதியது:

காகம் :)

எல்லாரும் சொன்னதை வச்சு என் கருத்தைத் தெளிவாச் சொல்லிடறேன். செலினா விட்டுப் போறதுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் எழுதறாங்க. பயம், சதி, திருட்டு புத்தி, ரத்தத்துல ஊறின சுதந்திரம். எனக்குத் தெரிஞ்சு பிரச்சினை ஒண்ணுதான். அவ எப்படி இருக்காளோ அப்படியே அவளை ஏத்துக்க ப்ரூஸால முடியாது. அவ ஏத்துக்கிட்டா, இல்லையா? கொலை வரைக்கும் போனேன்னு அவன் சொன்னப்ப, இனிமே இப்படிப் பண்ணாதேன்னு ஒரு நிபந்தனை கூட அவ போடல. 32ஆவது இதழ்ல அவ சொன்ன "சரி"க்கு இணையா அவன் பக்கத்துல இருந்து எதுவும் வரல.

2023ல "காத்தம் வார்"னு ஒரு கதை வந்துச்சே, அதைப் படிங்க. ஊர்ல இருக்கற வில்லன்களோட அடியாட்களைக் கூட்டி வச்சு செலினா பயிற்சி கொடுக்கறா. யாரையும் அடிக்கக் கூடாது, துப்பாக்கி கூடாது, பெரும் பணக்காரங்க வீட்டுல மட்டும் எடுக்கணும். அடிதடிக் குற்றங்கள் நிஜமாவே குறையுது. பேட்மேன் குடும்பத்துலயே சிலர் அவ பக்கம் சாயறாங்க. இவரால தாங்க முடியல. திருட்டு திருட்டுதான்னு பிடிவாதம். பணக்கார வீட்டுப் பையனுக்கு அது சுலபம். அவன்தானே அந்தப் பெட்டகத்துக்குச் சொந்தக்காரன்?

2012 படத்துல அவ முதல் காட்சியில எடுக்கறது எதைன்னு யோசிங்க. ப்ரூஸோட அம்மா போட்டிருந்த முத்துமாலை. வேற எவ்வளவோ இருந்தும் அதை. வேலைக்காரி உடையில வந்தவ, மாட்டினதும் மாலையைத் திருப்பித் தராம ஜன்னல் வழியா ஒரு பல்டி. அவன் கோபப்படவே இல்ல. கடைசியில சொத்துக்குக் கணக்குப் பார்க்கும்போது அந்த மாலை மட்டும் இல்ல. படம் முழுக்க அவன் பண்ண ஒரே நிஜமான காதல் காரியம், நடுவுல விருந்துல திரும்ப வாங்கிக்கிட்ட அந்த மாலையை கடைசியில அவகிட்டயே விட்டதுதான்.

இரவுக்காவலன் எழுதியது:

முத்துமாலை விஷயம் நல்லா இருக்கு. அதை மட்டும் எடுத்துக்கறேன்.

மத்தபடி நீங்க எல்லாரும் இது ஏதோ நிஜக் குடும்பப் பிரச்சினை மாதிரி பேசறீங்க. மாசாமாசம் இதழ் விக்கணும். கல்யாணம் ஆனா கதை நின்னுடும்னு கம்பெனி பயப்படுது. 2013ல பேட்வுமன் கதையில கல்யாணம் கூடாதுன்னு டிசி சொன்னதால அந்த எழுத்தாளர்கள் வெளியேறினாங்க. ஹீரோக்களுக்கு சந்தோஷமான சொந்த வாழ்க்கை இருக்கக் கூடாதுன்னு டிசியை நடத்தின டான் டிடியோவே அப்ப விளக்கம் கொடுத்தார். 50ஆவது இதழ்ல செலினா கடிதத்துல எழுதினது கிட்டத்தட்ட அதேதான். கம்பெனிக் கொள்கையை ஒரு பொண்ணு வாயில வச்சுட்டாங்க. இதழ் கடைக்கு வர்றதுக்கு முன்னாடியே நியூயார்க் டைம்ஸ்ல முடிவையும் போட்டு உடைச்சாங்க. அவளைத் திட்டறது வீண், சரி. அதுக்காக அவளைத் தூக்கி வச்சுக் கொண்டாடறதும் வீண்.

மாடிப்படி எழுதியது:

கம்பெனிக் கொள்கைங்கறது உண்மை. ஆனா கொள்கைக்குள்ள நின்னுக்கிட்டும் நல்லா எழுத முடியும். அதே டாம் கிங் 14, 15ஆவது இதழ்கள்ல மாடிகள்னு ஒரு குட்டிக் கதை எழுதினார். செலினா மேல கொலைப்பழி, விடிஞ்சா சிறை. ஒரே ஒரு ராத்திரி ரெண்டு பேரும் சேர்ந்து சுத்தறாங்க. அதுல ஒரு செல்லச் சண்டை. நாம முதல்ல சந்திச்சது எங்க? அவன் படகுலங்கறான். அவ தெருவுலங்கறா. விடவே மாட்டேங்கறாங்க.

படகு, 1940 கதை. பழையபேப்பர் ஐயா மேல சொன்னாரே, அது. தெரு, 1987ல ஃப்ராங்க் மில்லரும் டேவிட் மசுக்கெல்லியும் பண்ண "இயர் ஒன்". அதுல செலினா பாலியல் தொழில் பண்றவ, மாறுவேஷத்துல வந்த ப்ரூஸ் அந்தத் தெருவுல அடி வாங்கி ரத்தம் சிந்தறார். ரெண்டுமே நடந்திருக்கு. அவன் ஞாபகத்துல அவ வைரத்துக்கு நடுவுல நிக்கற அழகி. அவ ஞாபகத்துல அவன் பணக்காரத் திமிர்ல தன் தெருவுக்கு வந்து வம்பு பண்ண ஆளு. நாற்பது, ஐம்பது வருஷத்துக் குளறுபடியான தொடர்ச்சியை எடுத்து புருஷன் பொண்டாட்டி சண்டையா மாத்திட்டார் மனுஷன்.

யாழ்_ஆந்தை எழுதியது:

உது நல்லாயிருக்குது. ஆனால் பாருங்கோ, அவ படகை மறுக்கிறதுக்கும் காரணம் இருக்குது. படகுக் கதையில அவவுக்கு வீடும் இல்லை, தெருவும் இல்லை, பேரும் இல்லை. அவர் விரும்புறது அந்தப் பேரில்லாத ஆளைத்தான்.

புதுவரவு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். படம் மட்டும்தான் பார்த்திருக்கேன், காமிக்ஸ் ஒண்ணு கூடப் படிச்சதில்ல. எதுல ஆரம்பிக்கலாம்?

பூனைக்கண் எழுதியது:

இந்தக் காதலுக்காக மட்டும்னா முதல்ல யாழ் ஆந்தை சொன்ன 1983 கதை, ஒரே இதழ்தான், ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். அப்புறம் ப்ரூபேக்கரோட கேட்வுமன். அதுல காதல் கம்மி, ஆனா அவ யாருன்னு தெரியாம காதலைப் படிச்சு என்ன பண்றது? அதுக்கப்புறம் டாம் கிங். 2011ல ஆரம்பிச்ச கேட்வுமன் தொடரோட முதல் இதழைத் தவிர்க்கலாம். அவ முகத்தைக் காட்டறதுக்கு முன்னாடி உள்ளாடையைக் காட்டற கதை அது.

இரவுக்காவலன் எழுதியது:

"ஹஷ்"ஷை விட்டுட்டீங்களே அக்கா. 2002, 2003. ஜெஃப் லோப் கதை, ஜிம் லீ படம். புதுசா வர்றவங்களுக்கு அதை விட நல்ல வாசல் கிடையாது. பேட்மேன் தானாவே முகமூடியைக் கழற்றி, நான்தான் ப்ரூஸ்னு செலினாகிட்ட சொல்ற இடம் அதுலதான் வருது. குகைக்கே கூட்டிட்டுப் போறான். நம்பிக்கை வைக்கிறதுன்னா என்னன்னு காட்டினது அவன்தான்.

பூனைக்கண் எழுதியது:

வேணும்னுதான் விட்டேன் தம்பி. கடைசி ரெண்டு மூணு பக்கத்தை எடுத்துப் படிங்க. அவனை சமாதானப்படுத்த அவ மெதுவா "ஹஷ்"ங்கறா, குழந்தையை அமைதிப்படுத்தற மாதிரி. அது வில்லன் பேராப் போச்சு. உடனே அவ கையைப் பிடிச்சு, ஏன் அந்த வார்த்தையைச் சொன்னேன்னு விசாரணை. நீயும் இந்தச் சதியில ஒரு ஆளா, நம்ம காதலே யாரோ போட்ட திட்டமான்னு சந்தேகம். முகத்தைக் காட்டி ஒரு கதை முடியறதுக்குள்ள. அவ கிளம்பிப் போறா.

விட்டுப் போனது அவதான், இல்லைங்கல. போக வச்சது யாருன்னு படிச்சுட்டு வந்து எழுதுங்க.

இரவுக்காவலன் எழுதியது:

புத்தகம் தம்பிகிட்ட இருக்கு. ஞாயித்துக்கிழமை வாங்கிட்டு வந்து பதில் போடறேன். அதுவரைக்கும் துரோகம்னு நான் சொன்னது அப்படியே நிக்கட்டும்.